அடுத்த பெஞ்சுப் பையன் ஆடின காலம்

ரோஹின்டன் பாரியா. இந்தப் பேரைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? ஒண்ணும் வரலையா? கவலைப்படாதீங்க. எங்க ஆபீஸ்ல பக்கத்து சீட்டு ஆளுங்க ரெண்டு பேர்கிட்ட கேட்டுப் பார்த்தேன். ஒருத்தர் "பார்சி ஹோட்டலா?"ன்னார். இன்னொருத்தர் "மும்பையில ஏதோ ரோடு பேருதானே?"ன்னார். ரெண்டு பேருமே கிரிக்கெட்ல ஊறின ஆளுங்க. ஐ.பி.எல். ஏலத்துல யார் எத்தனை கோடிக்குப் போனாங்கன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க.

ரோஹின்டன் பாரியாங்கிறது ஒரு கோப்பை. மகன் நினைவா ஒரு அப்பா கொடுத்தது. இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கிரிக்கெட் போட்டி அது. 1935-36ல ஆரம்பிச்சுது. ரஞ்சிக் கோப்பை ஆரம்பிச்சு ஒரே வருஷம்தான் ஆகியிருந்துது, அதைக் கவனிங்க. ஒரு காலத்துல இந்த மேட்சுக்குக் கூட்டம் கூடும், பேப்பர்ல ஸ்கோர் வரும், தேர்வுக் குழு ஆளுங்க வந்து உக்காந்து பார்ப்பாங்க. இப்போ அந்தப் பேரு கிரிக்கெட் பைத்தியங்களுக்கே தெரியலை. இது எப்படி நடந்துச்சுங்கிறதுதான் இன்னைக்கு மேட்டர்.

எனக்கு ஏன் இதுல அக்கறைன்னு கேப்பீங்க. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். நமக்கு மில்லர்புரம். சைக்கிளை மிதிச்சா கொஞ்ச நேரத்துல வ.உ.சி. காலேஜ். எங்க சித்தப்பாவுக்குக் காலேஜ் மேட்சுன்னா உசுரு. கிரிக்கெட், வாலிபால், கபடின்னு எது நடந்தாலும் என்னையும் கேரியர்ல ஏத்திக்கிட்டுக் கிளம்பிடுவார். ஆறாங்கிளாஸ்ல இருந்து நானே ஒரு நோட்டுப் போட்டு, காலேஜ் மேட்சு ஸ்கோர் எல்லாம் எழுதி வச்சிருந்தேன். இந்தியா ஜெயிச்சா சந்தோஷம்தான். ஆனா நம்ம ஊர்க் காலேஜ் பாளையங்கோட்டைக் காலேஜை ஜெயிச்சா அந்த ராத்திரி சோறே இறங்காது, அவ்ளோ சந்தோஷம். சித்தப்பா சொல்ற காரணம் ரொம்ப எளிமையானது. "ஏல, டிவியில ஆடுதவன் யாரோ. இவன் நம்ம பயலுல்லா."

இந்த "நம்ம பய"ங்கிற வார்த்தையைக் கொஞ்சம் பிடிச்சு வச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

சரி, வரலாறு. 1947ல இந்தியாவுல மொத்தம் இருபது பல்கலைக்கழகம்தான். நம்ம பக்கத்துல சென்னைப் பல்கலைக்கழகம், 1929ல வந்த அண்ணாமலை, அவ்ளோதான். அதனால பல்கலைக்கழக டீம்ல ஒருத்தன் ஆடுறான்னா அவன் ஒரு மாகாணத்துக்கே ஆடுற மாதிரி. வெளிநாட்டு டீம் வந்தா, "ஒருங்கிணைந்த பல்கலைக்கழகங்கள்"னு ஒரு லெவன் அவங்களோட ஆடும். 1948ல வெஸ்ட் இண்டீஸ் வந்தப்ப அந்த டீமுக்காக ஒரு பம்பாய் மாணவர் ஆட்டமிழக்காம 115 அடிச்சார். சில வாரத்துலயே டெஸ்ட் டீம்ல எடுத்துட்டாங்க. பாலி உம்ரிகர்னு பேரு.

அதுக்கப்புறம் வரிசையா வந்தாங்க. 1958-59ல பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்காக அஜித் வடேகர் 324 அடிச்சார். 1970-71ல அதே பல்கலைக்கழகத்துல இன்னொரு பையன் 327 அடிச்சு அந்த ரெக்கார்டை முறியடிச்சார். அந்த சீசன்லயே அவரை வெஸ்ட் இண்டீஸுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நாலு டெஸ்ட்ல 774 ரன். சுனில் கவாஸ்கர்னு சொல்லித்தான் தெரியணுமா? காலேஜ் கிரவுண்டுக்கும் டெஸ்ட் மேட்சுக்கும் நடுவுல அன்னைக்கு ஒரு படிக்கட்டு இருந்துது. ரெண்டு மூணு படிதான். கீழ்ப்படியில நிக்கிற பையனைப் பார்த்துட்டு வந்தவன், மறு வருஷமே அவனை மேல்படியில பார்க்கலாம்.

நம்ம ஊர்க் கதையும் சளைச்சதில்ல. கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்ச வெங்கட்ராகவன் 1965ல சென்னையில நியூசிலாந்துக்கு எதிரா டெஸ்ட் ஆடினப்ப வயசு 19. அதே தொடர்ல டெல்லி டெஸ்ட்ல மட்டும் 12 விக்கெட். பின்னாடி வந்த ஸ்ரீகாந்தும் அதே கிண்டிதான். மைசூர்ல இன்ஜினியரிங் படிச்ச பிரசன்னா கதை இதைவிடச் சுவாரசியம். 1962ல டெஸ்ட் டீமுக்கு வந்து, வெஸ்ட் இண்டீஸ் போயிட்டு வந்து, "டிகிரியை முடிச்சிட்டு வர்றேன்"னு போயிட்டார். திரும்ப டெஸ்ட் ஆடினது 1967ல. அஞ்சு வருஷம்! இன்னைக்கு எவனாவது ஐ.பி.எல். காண்ட்ராக்டை வச்சுட்டு அரியர் கிளியர் பண்ணப் போவானா? :-)

இதுல முக்கியமானது ரன்னோ விக்கெட்டோ இல்லை. வெங்கட் டெஸ்ட் ஆடுறப்ப, அவரோட ஒரே கிளாஸ்ல உக்காந்து அதே வாத்தியார்கிட்டத் திட்டு வாங்கினவங்க அம்பது பேராவது இருந்திருப்பாங்க. அந்த அம்பது பேரும் அவங்க வீட்டு ஆளுங்களும் வாழ்நாள் பூரா "நம்ம வெங்கட்"னு சொல்லியிருப்பாங்க. காலேஜ் விளையாட்டோட மொத்த மூலதனமும் இதுதான். ஆட்டத் தரத்துல அது ரஞ்சியைத் தொட முடியாது. ஆனா ஆடுறவன் அடுத்த பெஞ்சுப் பையன்.

அப்போ எங்க அறுந்துச்சு? மூணு இடத்துலன்னு எனக்குத் தோணுது.

முதல்ல, பேரோட மதிப்பு கரைஞ்சுது. வ.உ.சி. காலேஜ் 1951ல ஆரம்பிச்சப்ப அது சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கீழ. 1966ல மதுரைப் பல்கலைக்கழகம் வந்துச்சு. 1990ல திருநெல்வேலியில மனோன்மணியம் சுந்தரனார். படிப்புக்கு இது நல்லதுதான், மார்க் ஷீட்டுல ஒரு எழுத்துப் பிழைன்னா மெட்ராஸுக்கு ரயிலேற வேண்டியதில்லை. ஆனா இருபதா இருந்த பல்கலைக்கழகம் இன்னைக்கு ஆயிரத்தைத் தாண்டியாச்சு. மண்டல அளவுப் போட்டியில எத்தனை டீமு, எந்த டீமு எங்க இருக்குன்னே தெரியாது. எதிராளி யாருன்னு தெரியாம ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன? பாளையங்கோட்டையை ஜெயிக்கிறதுல இருந்த ருசி இதுல வருமா?

ரெண்டாவது, படிக்கட்டு காலேஜை விட்டு வெளியே போயிடுச்சு. கூச் பெஹார் கோப்பைன்னு ஒண்ணு, 1945-46ல பள்ளிக்கூடப் பையன்களுக்கான போட்டியா ஆரம்பிச்சது. 1980கள் முடியுறப்ப அது 19 வயசுக்குட்பட்டோர் போட்டியா மாறிடுச்சு. பாருங்க, "பள்ளிக்கூடம்"ங்கிற வார்த்தை போய் "வயசு" வந்துடுச்சு. 1988ல 19 வயசுக்குட்பட்டோர் உலகக்கோப்பை, 2000ல பெங்களூர்ல தேசிய கிரிக்கெட் அகாடமி, 2008ல ஐ.பி.எல்., 2016ல டி.என்.பி.எல். பதினாலு வயசுல மாநிலத் தேர்வு, பதினெட்டுல அகாடமி. இவன் காலேஜுக்கு வர்ற வயசுல ஆட்டக்காரனா இல்லையான்னு ஏற்கனவே முடிவாகியிருக்கும். வருண் சக்கரவர்த்தியை எடுத்துக்கோங்க. காலேஜ்ல கட்டடக்கலை படிச்சார். ஆனா அவரை உலகத்துக்குக் காட்டினது காலேஜ் மேட்ச் இல்லை, 2018 டி.என்.பி.எல். அந்த டிசம்பர்லயே ஐ.பி.எல். ஏலத்துல 8.4 கோடி. அஸ்வினும் நம்மளை மாதிரி ஐ.டி. இன்ஜினியரிங் படிச்சவர்தான். ஆனா "எங்க காலேஜ் மேட்சுல அவன் பந்து போட்டதைப் பார்த்தேன்"னு சொல்ற ஆளை நீங்க எத்தனை பேரைப் பார்த்திருக்கீங்க?

கிரிக்கெட் மட்டும்னு இல்ல. நம்ம மாவட்டத்துலயே கோவில்பட்டி ஹாக்கி ஊரு. 2022 ஆசியக்கோப்பையில இந்தியாவுக்கு ஆடின மாரீஸ்வரன் சக்திவேல் அந்த ஊர்க்காரர்தான், அரியலூர்ல இருந்து வந்த கார்த்தி செல்வமும் கோவில்பட்டியில பயிற்சி எடுத்தவர்தான். ரெண்டு பேரையும் வளர்த்தது அரசு விளையாட்டு விடுதி. காலேஜ் இல்லை.

மூணாவதுதான் எனக்கு நேரடியா உறைச்சது. மிச்சமிருக்கிற காலேஜ் போட்டியில ஜெயிக்கணும்னு நினைக்கிற தனியார் நிறுவனங்கள் என்ன பண்ணும்? ஆளைக் கூட்டிட்டு வரும். நான் இன்ஜினியரிங் படிச்ச காலேஜ்ல (பேரு வேண்டாமே) ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வந்த பசங்களுக்குத் தனி ஹாஸ்டல், தனி மெஸ். நாலு வருஷத்துல அவங்களைக் கிளாஸ்ல பார்த்தது விரல் விட்டு எண்ணிடலாம். அவங்க ஜெயிச்ச கோப்பை எல்லாம் ஆபீஸ் ரூம் வாசல்ல கண்ணாடிப் பெட்டியில இருந்துது, பக்கத்துலயே அட்மிஷன் நோட்டீஸ். ஃபைனலுக்கு எங்களை பஸ்ல ஏத்திட்டுப் போய் உக்கார வச்சாங்க. கை தட்டினோம். பக்கத்துல இருந்தவன் கேட்டான், "மாப்ள, நம்ம டீம் எந்தக் கலர்டா?"

நான் அன்னைக்குச் சிரிச்சேன். ஆனா அந்த மேட்ச் ஸ்கோரை நோட்டுல எழுதலை. அதுக்கப்புறம் எதையுமே எழுதலை. "இனிமே பார்க்க மாட்டேன்"னு யாரும் சபதம் போட்டு ரசிகனா இருக்கிறதை நிறுத்துறதில்லை. ஒரு நாள் யோசிச்சுப் பார்த்தா, போன வருஷம் யாரு ஜெயிச்சான்னு தெரியாது. தெரியலையேங்கிற வருத்தமும் இல்லை. அவ்ளோதான் நடக்கும்.

இதே கதையை இன்னொருத்தர் வாயால, தலைகீழா கேட்டேன். எங்க க்ளையண்ட் பக்கம் ஒரு அமெரிக்கர். வயசு அம்பதுக்கு மேல. காலேஜ் ஃபுட்பால்னா அப்படி ஒரு வெறி. திங்கட்கிழமை மீட்டிங் ஆரம்பிச்சாலே முதல் பத்து நிமிஷம் சனிக்கிழமை மேட்ச்தான். திடீர்னு அந்தப் பேச்சு நின்னு போச்சு. ஏன்னு கேட்டேன். "நான் பார்க்கிறதை விட்டுட்டேன்"னார்.

அங்க என்ன ஆச்சுன்னா, நூறு வருஷத்துக்கு மேல காலேஜ் ஆட்டக்காரங்களுக்குச் சம்பளம் கிடையாது. டிவி உரிமையில கோடி கோடியா வரும், கோச்சுக்கு வருஷத்துக்குப் பல மில்லியன் டாலர் சம்பளம், ஆடுற பையனுக்கு மட்டும் ஸ்காலர்ஷிப். 2021 ஜூன்ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாட்டுல ஒரு பகுதியை 9-0ன்னு அடிச்சு நொறுக்குச்சு. அடுத்த மாசமே ஆட்டக்காரங்க தங்களோட பேரையும் முகத்தையும் வச்சு விளம்பரத்துல சம்பாதிக்கலாம்னு ஆச்சு. 2025 ஜூன்ல ஒரு நீதிமன்ற சமரசம், காலேஜே நேரடியா பணம் கொடுக்கலாம், ஒரு காலேஜுக்கு வருஷத்துக்குச் சுமார் 20.5 மில்லியன் டாலர் வரைக்கும். நடுவுல, காலேஜ் மாறினா ஒரு வருஷம் உக்காரணும்ங்கிற விதியும் போச்சு. நாலு வருஷத்துல மூணு காலேஜ் மாறுற ஆட்டக்காரன் இப்போ சர்வ சாதாரணம்.

போதாததுக்கு லீகுகளும் கலைஞ்சுது. 1915ல வேர் விட்ட பசிபிக் கரை லீக்ல இருந்து 2024ல பன்னெண்டு காலேஜ்ல பத்து கிளம்பிடுச்சு, எல்லாம் டிவி பணம். ஸ்டான்ஃபோர்டு இருக்கிறது பசிபிக் கரையில. இப்போ ஆடுறது அட்லாண்டிக் கரை லீக்ல! தூத்துக்குடிக் காலேஜ் குஜராத் லீக்ல ஆடுற மாதிரின்னு வச்சுக்கோங்க.

இப்போ ரெண்டையும் பக்கத்துல வைங்க. இந்தியாவுல காலேஜ் விளையாட்டை விட்டுப் பணம் வெளியே போச்சு, ரசிகன் போயிட்டான். அமெரிக்காவுல காலேஜ் விளையாட்டுக்குள்ள பணம் வெளிப்படையா வந்துச்சு, அங்கயும் என் க்ளையண்ட் மாதிரி பழைய ரசிகர்கள் சிலர் போறாங்க. அப்போ பணத்தை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ரெண்டு இடத்துலயும் அறுந்தது ஒரே கயிறு. சித்தப்பா சொன்ன "நம்ம பய". ஆடுறவன் இங்க படிக்கிறவன், இந்த ஊருல இருக்கிறவன், நாளைக்கும் இங்கதான் இருப்பான்னு ஒரு நம்பிக்கை இருந்துச்சு. அது போச்சுன்னா கோப்பை வெறும் தகரம்தான்.

ஆனா இங்க ஒரு நேர்மையான கேள்வி இருக்கு, அதைத் தாண்டிப் போக முடியாது. என் ரசனைக்காக அந்தப் பையன் ஓசியில ஆடணுமா? திரேஸ்புரத்துல ஒரு மீனவர் வீட்டுப் பையன் நல்லா பந்து போடுறான்னு வச்சுக்கோங்க. அந்தக் காலத்து ஏற்பாட்டுல அவன் முதல்ல காலேஜ்ல சேரணும். 1950லயோ 60லயோ அந்தப் பையன் காலேஜ் வாசலை மிதிச்சிருப்பானா? பல்கலைக்கழகக் கிரிக்கெட்டோட பொற்காலம்னு நாம பெருமூச்சு விடுறது, காலேஜுக்குப் போக வசதி இருந்த வீட்டுப் பையன்களோட பொற்காலம்தான். இன்னைக்கு மாவட்டத் தேர்வுக்கு அவன் நேரா போய் நிக்கலாம், டிகிரி கேக்க மாட்டாங்க. எனக்கு நஷ்டமான அதே மாற்றத்துல அவனுக்கு லாபம். இது ரெண்டும் சேர்ந்தே உண்மை. பழைய ஏற்பாடு திரும்ப வரணும்னு நான் கேக்கலை. போனது என்னன்னு எழுதி வைக்கணும்னுதான் தோணுது.

"சரிப்பா, காலேஜ் போனா என்ன, ஊருக்குன்னு டீம் வந்துச்சுல்ல?"ன்னு கேப்பீங்க. வந்துச்சு. 2016ல டி.என்.பி.எல். ஆரம்பிச்சப்ப தூத்துக்குடி பேர்ல ஒரு டீம், டூட்டி பேட்ரியாட்ஸ். கேப்டன் தினேஷ் கார்த்திக். முதல் வருஷமே சாம்பியன்! ஊரே கொண்டாடியிருக்கணும்ல? ஆனா மேட்ச் எல்லாம் சென்னை, நத்தம், திருநெல்வேலியில. நம்ம ஊர்ல ஒரு பந்து விழலை. சித்தப்பாகிட்ட "நம்ம டீம் ஜெயிச்சுட்டு"ன்னு சொன்னேன். "அதுல நம்ம ஊர்ப் பய எவம்ல ஆடுதான்?"னு கேட்டார். பதில் சொல்லத் தெரியாம செல்லை நோண்டிட்டு இருந்தேன். 2021 போட்டியைப் பார்த்தா அந்த டீமோட இடத்துல சேலம் ஸ்பார்டன்ஸ் நிக்குது. டீம் ஊரை மாத்திக்கிட்டுப் போயிடுச்சு. எங்க தெருவுல ஒருத்தரும் வருத்தப்பட்டதா தெரியலை.

இதுக்கு நேர்மாறா, நம்ம கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்க. எங்க தாத்தா கொழும்புல கடையில வேலை பார்த்தவர். அவர் சொன்ன "பிக் மேட்ச்" கதைகளைக் கேட்டுத்தான் சித்தப்பாவுக்கே இந்தப் பைத்தியம் பிடிச்சுது. அங்க காலேஜ்னு பேர் இருந்தாலும் அது பள்ளிக்கூடம். கொழும்பு ராயல் கல்லூரியும் செயின்ட் தாமஸும் 1880ல இருந்து ஆடுறாங்க. ரெண்டு உலகப்போர் வந்தும் நிக்கலை. இலங்கையோட முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்க தாமஸுக்கு ஆடினவர், இன்னைக்கு அந்தக் கேடயமே அவர் பேர்லதான். பப்பரே பேண்டும் கொடியுமா ஊரே ரெண்டுபட்டு நிக்கும்.

யாழ்ப்பாணத்துல மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் 1904ல ஆரம்பிச்ச போட்டி. "வடக்கின் பெரும் போர்"னு பேரு. நிஜப் போர் நடந்த வருஷங்கள் சிலதுல ஆட முடியாம போச்சு. திரும்ப ஆரம்பிச்சாங்க. இப்போ மார்ச் மாசம் வந்தா லண்டன்ல இருந்தும் டொராண்டோவுல இருந்தும் பழைய மாணவர்கள் வந்து இறங்குறாங்க. மூணு நாள் மேட்ச், பெரும்பாலும் பதினெட்டு பத்தொன்பது வயசுப் பையன்கள். அவங்கள்ல எத்தனை பேர் இலங்கைக்கு ஆடப் போறாங்க? கையை விரிக்க வேண்டியதுதான். ஆனா அங்க கூட்டம் வருது. ஏன்னா அந்தத் தொப்பியை வெளியாளுக்கு விக்க முடியாது. அதே வகுப்புல, அதே பெஞ்சுல உக்காந்தவன்தான் போட முடியும். எதிராளியும் நூறு வருஷமா அதே எதிராளி. தேதியும் அனேகமா அதே மாசம். இந்த மூணும் இருந்தா போதும், தரமான ஆட்டம்கூடக் கட்டாயம் இல்லைன்னு யாழ்ப்பாணம் காட்டுது. நாம மூணையும் தொலைச்சோம்.

நம்ம பக்கம் இன்னும் பல்கலைக்கழகப் போட்டி நடக்குது. 2020ல இருந்து கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுன்னு அரசாங்கமே பெரிசா நடத்துது. வேலைக்கும் பதக்கத்துக்கும் அது உதவும், நல்லா நடக்கட்டும். ஆனா என்னை மாதிரி ஆளை கேலரியில உக்கார வைக்க ஆயிரம் டீம் வேண்டாம். ரெண்டே ரெண்டு போதும். வருஷத்துல ஒரு சனிக்கிழமை, இந்தப் பக்கம் நம்ம ஊர்க் காலேஜ், அந்தப் பக்கம் பாளையங்கோட்டை. வெளியாள் கிடையாது, வருகைப் பதிவேட்டுல பேர் இருக்கிறவன் மட்டும். மழை வந்தாலும் வெள்ளம் வந்தாலும் அடுத்த வருஷம் அதே தேதி. செலவு ஒரு பெட்டிப் பந்தும் ரெண்டு வேளைப் பரோட்டாவும்தான்.

யாராவது ஆரம்பிச்சா சொல்லி அனுப்புங்க. சித்தப்பாவுக்கு இப்போ முட்டி வலி, சைக்கிளை விட்டாச்சு. நான் பைக்ல கூட்டிட்டு வந்துடுறேன்.